மைக் டெஸ்டிங்குக்குக் கைதட்டிய பிள்ளை



தாமிரபரணிக் கரை ஊர்களில் பங்குத் திருவிழா என்றால் கொடியேற்றம், சப்பர பவனி, அசனம், பிறகு இரவில் இன்னிசைக் கச்சேரி. நம் மக்கள் அதை 'ஆர்கெஸ்ட்ரா' என்றே சொல்வார்கள். அப்படி ஓர் இரவில் எங்கள் பேரனை முதன்முறையாக அழைத்துச் சென்றோம். வயது ஆறு. துறுதுறுப்பு அதிகம், விவரம் குறைவு.

மேடைக்கு ஒருவர் வந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றார். உடனே இவன் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டி, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "சும்மா இருல, மானத்த வாங்காத" என்று தொடையில் ஒரு கிள்ளு. முதல் பாட்டு முடிந்ததும் கூட்டமே கைதட்டியது. அவன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஆச்சி, கைதட்டுனா தப்பா?"

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது.

அவன் செய்த தவறுதான் என்ன? இசை தொடங்குமுன் கருவிகளைச் சரிபார்ப்பது எல்லா இடத்திலும் உண்டு. மேலைநாட்டு சிம்பொனி இசைக்குழுவில் 'ஓபோ' என்ற குழல் கருவி முதலில் ஒரே ஒரு சுரத்தை நீட்டி ஒலிக்கும். வினாடிக்கு 440 அதிர்வுகள் என்பது அதற்குப் பொதுவான அளவு. எல்லாக் கருவிகளும் அதோடு சுருதி சேர்க்கும். புதிதாகக் கேட்பவருக்கு அதுவே பாட்டுப் போலத் தோன்றும். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில், வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில், பண்டிட் ரவிசங்கர் குழுவினர் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் கைதட்டியது. அவர் கோபப்படவில்லை. இதுவே பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக நயமாகச் சொன்னார். பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் செய்ததையே நம் பிள்ளையும் செய்தான். அவர்களை யாரும் கிள்ளவில்லை.

சற்று நேரத்தில் அவனுடைய அடுத்த கேள்வி: "அந்தக் குழல்கார மாமா மட்டும் ஏன் சும்மா நிக்காவ?"

மூன்று பாட்டுகளாக அவர் வாசிக்கவே இல்லை. நான்காவது பாட்டின் நடுவே குழலை எடுத்துச் சிறிது நேரம் வாசித்தார். இரைச்சலாக இருந்த மைதானம் அடங்கிவிட்டது. அவர் சும்மா நிற்கவில்லை, தம் இடம் வரும்வரை தாளத்தை எண்ணிக்கொண்டு நின்றார் என்று அப்போதுதான் அவனுக்குச் சொன்னோம். துவோர்ஷாக் என்ற இசைமேதையின் 'புதிய உலகம்' சிம்பொனி 1893-இல் நியூயார்க்கில் முதன்முதலாக ஒலித்தது. ஏறக்குறைய நாற்பது நிமிடம் நீளும் அந்த இசையில் பெரிய ஜால்ராவுக்கு ஒரே ஒரு தட்டல்தான். அதைத் தட்டுபவரும் முழு நேரமும் கவனமாக இருந்தாக வேண்டும். பேசாமல் காத்திருப்பதும் இசையில் ஒரு பங்கு. வீட்டிலும் பங்கிலும் அப்படிக் காத்திருந்து உதவுகிறவர்களை நாம் எத்தனை முறை 'சும்மா இருக்கிறவர்' என்று எண்ணிவிடுகிறோம்!

புதிதாகக் கேட்டு வியப்பவர்களால்தான் இசை வளர்ந்திருக்கிறது. இன்று கர்நாடக இசைக் கச்சேரியில் நாம் கேட்கும் வயலின் ஐரோப்பியக் கருவி. சென்னை மணலியில் இளம் வயதில் ஐரோப்பிய இசையைக் கேட்டு, அதைக் கற்று, நம் இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர். பின்னாளில் அவர் பழைய திருநெல்வேலிச் சீமையின் எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக விளங்கினார்.

பிள்ளைகளை முதன்முறை அழைத்துச் செல்வோர் சிலவற்றை மனத்தில் கொள்ளலாம். எந்தக் கருவி எப்படி ஒலிக்கும் என்பதை முன்னரே வீட்டில் சொல்லுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோபியெவ் 1936-இல் சிறுவர்களுக்கென்றே 'பீட்டரும் ஓநாயும்' என்ற இசைக்கதையை அமைத்தார். அதில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட். அதைக் கேட்கச் செய்யலாம். கருவிகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆனால் ஒலிபெருக்கிக்கு விலகி உட்காருங்கள். தூக்கம் வந்தால் பாதியில் எழுந்து வாருங்கள். பிள்ளை சிரித்தால் முதலில் காரணத்தைக் கேளுங்கள்.

மறு ஆண்டுத் திருவிழாவுக்கும் அவனை அழைத்துச் சென்றோம். மீண்டும் "ஒன், டூ, த்ரீ" என்று குரல் வந்தது. அவன் தயங்கி எங்களைப் பார்த்தான். முதலில் கைதட்டியது அவன் அம்மா.