பூமியை இழுக்கும் தேங்காய்

தென்னையிலிருந்து தேங்காய் விழுகிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கணத்தில், இம்மியும் குறையாத அதே விசையோடு, தேங்காயும் பூமியை மேலே இழுக்கிறது! ஒன்றரைக் கிலோ தேங்காய் என்றால் இரு பக்கமும் சுமார் 15 நியூட்டன். (விசையை அளக்கும் அலகு நியூட்டன்; 100 கிராம் பொருளைக் கையில் தாங்க ஏறக்குறைய ஒரு நியூட்டன் தேவை.) தேங்காய் 15 மீட்டர் இறங்குவதற்குள் பூமியும் அதை நோக்கி எழும்பத்தான் செய்கிறது. எவ்வளவு தூரம்? அணுவின் கருவில் இருக்கும் புரோட்டானின் விட்டத்தை 40 கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்குகூட வராது. விசை சமம்தான். ஆனால் பூமியின் நிறை 6 போட்டு 24 சுழியம் சேர்த்த அளவு கிலோகிராம். அதை அசைக்கத் தேங்காயால் ஆகுமா?

ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ‘பிரின்சிபியா’வில் உள்ள மூன்றாம் விதி இது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று பள்ளியில் ஒப்பித்திருப்போம். முதலில் வினை, பிறகு அதற்குப் பதிலடியாக எதிர்வினை என்றுதான் பலர் மனத்தில் பதிந்திருக்கிறது. அப்படி இல்லை. இரண்டும் ஒன்றாகவே தோன்றி ஒன்றாகவே மறைகின்றன. எதை வினை என்று அழைப்பது என்பது நம் வசதி.

ஜோடியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. விசையை ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘பூமி தேங்காயை இழுக்கிறது.’ இப்போது எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றுங்கள்: ‘தேங்காய் பூமியை இழுக்கிறது.’ வினைச்சொல்லைத் தொட வேண்டாம். இழுப்புக்கு ஜோடி இழுப்பு, தள்ளலுக்கு ஜோடி தள்ளல். முறை அவ்வளவுதான்.

இந்த எளிய முறை, நன்றாகப் படிக்கும் மாணவர்களும் தடுக்கி விழும் ஓர் இடத்தில் கைகொடுக்கும். மேசைமேல் புத்தகம் இருக்கிறது. அதன் எடை கீழ்நோக்கி. மேசை அதைத் தாங்கும் விசை மேல்நோக்கி. இரண்டும் சமம், எதிரெதிர்த் திசை. ஆகவே இவை வினையும் எதிர்வினையும் என்று எழுதினால் விடை தவறு! எடை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதன் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுவதன் ஜோடி, புத்தகம் மேசையைத் தள்ளுவது. ஆக இங்கே இருப்பவை இரண்டு ஜோடிகள், நான்கு விசைகள்.

சந்தேகம் இருந்தால் எடை பார்க்கும் இயந்திரத்தை லிஃப்டுக்குள் வைத்து ஏறி நில்லுங்கள். லிஃப்ட் மேலே கிளம்பி வேகம் கூடும் அந்தச் சில நொடிகளில், 60 கிலோ ஆளுக்கு முள் 66-ஐக் காட்டக்கூடும். பூமியின் இழுப்பு கூடவில்லை. பாதத்தை இயந்திரம் தள்ளும் விசைதான் கூடியது. உண்மையான ஜோடிகள் ஒருபோதும் இப்படிப் பிரிந்துபோகாது.

சாலையில் ஓடும் காரை முன்னே தள்ளுவது எது? இன்ஜின் என்பீர்கள். இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றுவதோடு சரி. சக்கரம் உராய்வின் துணையோடு சாலையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. சாலை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. காரை நகர்த்துவது சாலைதான்! வழுக்கும் சேற்றில் மாட்டினால் இன்ஜின் உறுமும், சக்கரம் சுழலும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும். சேற்றை வேண்டிய அளவு தள்ள முடியாதபோது சேறும் காரைத் தள்ளாது.

இங்கே ஒரு குறும்புக் கேள்வி எழும். கல்லைக் கயிற்றில் கட்டி இழுக்கும் குதிரையை நியூட்டனே உதாரணமாகச் சொல்கிறார். குதிரை இழுக்கும் அளவுக்குக் கல்லும் குதிரையைப் பின்னால் இழுக்கிறது. அப்படியானால் இரண்டும் கழிந்துபோகாதா? கழியாது. ஒன்று கல்லின் கணக்கு, மற்றொன்று குதிரையின் கணக்கு. கல் நகருமா என்று அறிய, கல்லின்மேல் விழும் விசைகளை மட்டும் பாருங்கள்: குதிரையின் இழுப்பு, தரையின் உராய்வு. முதலாவது மிஞ்சினால் கல் கிளம்பும். குதிரையோ குளம்பால் தரையைப் பின்னே உதைக்கிறது. தரை அதை முன்னே உந்துகிறது.

இதே சமத்துவம் வானத்திலும் செல்லும். சூரியன் வியாழனை இழுக்கிறது. வியாழனும் சூரியனை இழுக்கிறது. அதனால் சூரியன் நொடிக்கு 12 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒரு சிறு வட்டமடிக்கிறது. ஏறக்குறைய டவுன் பஸ்ஸின் வேகம்! கோள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், விண்மீனின் இந்த ஆட்டம் அதன் ஒளியின் நிறத்தில் மிகச் சிறிய மாறுதலாகத் தெரியும். இதை டாப்ளர் விளைவு என்பார்கள். 1995-இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனின் ஆட்டத்தைப் பிடித்து, அதைச் சுற்றும் கோளைக் கண்டறிந்தார்கள். அதற்காக 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் பூமி சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான். சிலி நாட்டின் மாபெரும் தொலைநோக்கியில் பொருத்தப்பட்டுள்ள எஸ்பிரெசோ என்ற கருவி, நொடிக்கு 10 சென்டிமீட்டர் வரையிலான ஆட்டத்தைப் பிடிக்கும் இலக்கோடு கட்டப்பட்டது.