கோட்டைக் களஞ்சியமும் கேன்டீன் கார்டும்

செஞ்சிக் கோட்டையில நெற்களஞ்சியம் பாத்திருக்கீங்களா? எட்டு வருஷம் மொகலாயர் முற்றுகையைத் தாங்கின கோட்டையாச்சே, படைக்குச் சாப்பாடு முக்கியமில்லையா!

இன்னைக்கு ராணுவக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது மிலிட்டரி கேன்டீன். அங்க சோப்பும் டீத்தூளும் ஏன் விலை குறைவு தெரியுமா? கேன்டீன் துறை வாங்குற பொருளுக்குக் கட்டின ஜிஎஸ்டியில பாதி அதுக்கே திரும்பி வந்துடுது. அந்தச் சலுகை வாங்குறவங்களுக்குப் போய்ச் சேருது.

இன்னொண்ணு, இதை அவசியம் சொல்லணும். ராணுவத்துல இருந்த கணவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்குற அம்மாக்களுக்கும் கேன்டீன் கார்டு உண்டு. உங்க தெருவுல அப்படி யாராவது கார்டு இல்லாம இருந்தா, விழுப்புரத்துல இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல விசாரிக்கச் சொல்லுங்க. முடிஞ்சா நீங்களே கூட்டிட்டுப் போங்க.