மனேஜர் யாருடைய ஆள்?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாகவுள்ள ஒரு தொடர்மாடிக்கு நான் மாதம் ஒரு முறையாவது போவதுண்டு. அதன் நான்காம் மாடியில் ஒரு அம்மா தனியாக வசிக்கிறார். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் கணவரை இழந்து, பின்னர் கொழும்புக்கு வந்தவர். வீடு கனடாவிலுள்ள மகன் வாங்கியது.

கடந்த முறை நான் போனபோது லிப்ட் பழுதாகி மூன்று கிழமையாகியிருந்தது. அந்த மூன்று கிழமையும் அம்மா கீழே இறங்கவில்லை. பிரஷர் குளிசையைக்கூட மீன் கொண்டுவரும் பொடியன்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"மனேஜரிட்டச் சொன்னீங்களா அம்மா?"

"அவரிட்ட எப்பிடிப் பிள்ளை கேக்கிறது? கோவத்தில வீட்டை விட்டு எழுப்பிப்போட்டார் எண்டால்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் காசு கொடுத்து வாங்கிய வீட்டிலிருந்து எழுப்புவதா? ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. அப்போது கட்டடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் கேட்டு வந்தவர் பழைய மனேஜர். 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பியதும் அம்மாவுக்கு மறக்கவில்லை. கையில் பட்டியலோடு கதவைத் தட்டுபவர் எல்லாரும் அவருக்கு அதிகாரிகள்தான்.

உண்மையில் மனேஜர் சம்பளத்துக்கு வைக்கப்பட்ட ஒருவர். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டமும் அதன் திருத்தங்களும் சொல்வது இதுதான்: ஒவ்வொரு வீடும் தனித்தனிச் சொத்து. படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தாங்கி, மொட்டைமாடி, கட்டடம் நிற்கும் நிலம் ஆகியவை எல்லாருக்கும் பொது. வீட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்ததே முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பராமரிப்புக் காசை அறவிடுவது, கட்டடத்துக்குத் தீக்காப்புறுதி எடுப்பது, பொது இடங்களைத் திருத்துவது எல்லாம் அதன் கடமை. அன்றாட வேலையைப் பார்க்கத்தான் மனேஜர். காசு பாக்கியிருந்தால் அதைக் கடனாக வழக்கு வைத்து அறவிடலாம். உங்களை எழுப்ப மனேஜருக்கு அதிகாரமில்லை.

கட்டியவர் இன்னும் உறுதியை எழுதிக் கொடுக்காமல், தன் ஆளை வைத்தே நடத்தும் கட்டடங்களும் உண்டு. அங்கே கதை வேறு; முதலில் உறுதிக்கு அலைய வேண்டும். அப்படியான முறைப்பாடுகளைக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையிடம் கொண்டுபோகலாம்.

அம்மாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. உறுதி மகன் பெயரில் என்பதால் கூட்டத்தில் வாக்கும் அவருடையதே. தனக்குப் பதிலாக அம்மா கலந்துகொள்ளலாம் என்று மகன் எழுதித் தர வேண்டும். இதை இவ்வளவு காலமும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கீழே ஒட்டப்படும் அறிவித்தல்களோ சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. மாதாமாதம் காவலாளியிடம் காசு கொடுத்து வந்திருக்கிறார். ஒரு பற்றுச்சீட்டுக்கூட அவர் கையில் இல்லை.

மகனின் கடிதம் வந்ததும் பக்கத்து வீட்டு முஸ்லிம் சகோதரியையும் சேர்த்துக்கொண்டு மூவருமாக ஒரு சிறு கடிதம் எழுதினோம். லிப்ட் எப்போது ஓடும், பராமரிப்புக் கணக்கைக் காட்டுங்கள், அறிவித்தலைத் தமிழிலும் போடுங்கள். இவ்வளவுதான். அதில் ஒரு பிரதியை அம்மா தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மனேஜரே மேலே வந்தார். முறைத்துக்கொண்டு வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் களைத்துப்போய், கணக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். எட்டு வீட்டுக்காரர் மாதக்கணக்கில் காசு தரவில்லை. அவர்களில் அரைவாசிப்பேர் வெளிநாட்டில். லிப்ட் கொம்பனிக்குக் கட்டப் பணமில்லை. கடற்காற்றில் துருப்பிடித்த தண்ணீர்க் குழாய்க்கே இருந்த காசு முடிந்துவிட்டது. மேலேயிருந்து சபையின் ஏச்சு, கீழேயிருந்து குடியிருப்பவர்களின் ஏச்சு. அந்த மனிதர் மேலும் எனக்கு இரக்கம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

அம்மா அவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடியும்வரை காத்திருந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "ரிசீட் புத்தகம் கொண்டுவந்தீங்களோ மகன்?" என்று கேட்டார்.