நம்பிக்கையின் உள்ளடக்கமும் சமூகமும்

எண்ணுதல், விரும்புதல், நம்புதல் ஆகிய உளநிலைகள் யாவும் ஏதோவொன்றைப் பற்றியனவாகவே அமைகின்றன. கல்லுக்கு எடையுண்டு, வடிவமுண்டு. ஆயின் அது எதனையும் பற்றியதன்று. மழை பெய்யும் என்ற நம்பிக்கையோ, மழை பொய்ப்பினும், மழையைப் பற்றியதே. இப்பண்பினை உளநிகழ்வுகளுக்கேயுரிய அடையாளமாக 1874இல் வரையறுத்தவர் பிரான்ஸ் பிரென்ரானோ. இதனை நாம் ‘விடயநோக்கு’ எனலாம்.

ஒரு நம்பிக்கை எதனைப் பற்றியது என்பதைத் தீர்மானிப்பது யாது? 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் வகுத்த வழியில் வந்தோர், அது தனிமனிதனின் அகத்திலேயே முடிந்துவிடுகிறது என்றனர். தனிமனிதனைச் சமூகத்துக்கு முற்பட்டவனாகக் கொள்ளும் முதலாளித்துவச் சிந்தனைக்கு இக்கொள்கை இசைவானதே.

இதனை மறுத்துத் ரைலர் பேர்ஜ் 1979இல் முன்வைத்த வாதம் இவ்விடத்து நோக்கற்பாலது. ஆர்த்ரைற்றிஸ் என்பது மூட்டுக்களில் மட்டும் உண்டாகும் அழற்சி. இதனையறியாத ஒருவர், தமது தொடையிலும் ஆர்த்ரைற்றிஸ் பரவியுள்ளதாக நம்புகிறார். மருத்துவர் திருத்தியதும் தமது நம்பிக்கை பிழையென ஏற்கிறார். இனி, அச்சொல் தொடைநோயையும் குறிக்கும் வேறொரு சமூகத்தைக் கற்பனை செய்வோம். அங்கு அதே உடலும் அதே அனுபவமும் கொண்டு வாழும் அவரது நம்பிக்கை பிழையன்று. அது வேறொரு நோயைப் பற்றியது. அகத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது சமூகத்தின் மொழிவழக்கே. எனவே, நம்பிக்கையின் உள்ளடக்கம் தலைக்குள் மட்டும் முடிவதன்று.

இதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்பே, 1929இல், பிரக்ஞை மனிதரிடையே பிறக்கும் குறிகளால் ஆனது என்பதை வொலோஷினொவ் வேறொரு வழியில் நிறுவியிருந்தார். ஆயின் இருவரிடையே முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. பேர்ஜின் உதாரணத்தில் சொல்லின் பொருளை மருத்துவர் கூற, நோயாளி ஏற்கிறார், அங்கு பிணக்கில்லை. வொலோஷினொவுக்கோ குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களம். ‘நியாயமான கூலி’ என்பதை எடுத்துக்கொள்வோம். தமக்கு நியாயமான கூலி கிடைக்கிறதென ஒரு தொழிலாளி நம்பும்போது, அந்நம்பிக்கையின் பொருளை வரையறுக்கும் நிபுணர் யார்? 1865இல் ஆற்றிய உரையில் மார்க்ஸ் அச்சுலோகத்தையே விமர்சித்து, கூலிமுறையை ஒழிப்பதே இலக்காக வேண்டுமென வலியுறுத்தினார். அவர் தொழிலாளியின் கணக்கைத் திருத்தவில்லை. அக்கணக்கு எச்சொற்களால் இடப்படுகிறது என்பதையே கேள்விக்குட்படுத்தினார்.

மூளையின்றிச் சிந்தனையில்லை என்பது பொருள்முதல்வாதத்தின் அரிச்சுவடி. ஆயினும் மூளையை மட்டும் ஆராய்ந்து ஒரு சிந்தனை எதனைப் பற்றியதென அறிதல் இயலாது. சிந்திப்பவர் தனிமனிதரே, அவர் சிந்திக்கும் சொற்களோ பலர் உழைத்தும் பிணங்கியும் ஆக்கியவை. ஆதலின், நம்பிக்கைகளை ஆராய முனைவோர் அச்சொற்களின் சமூக வரலாற்றையும் ஆராய்தல் அவசியமாகும்.