சின்ன வீடு (சிரிக்காதீர்கள்!)

– இரண்டாம் ஆண்டு மாணவி, சிவில் பிரிவு

தலைப்பைப் பார்த்ததும் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும் என்று எனக்குத் தெரியும். மலர்க் குழுவில் கட்டுரையைக் கொடுத்தபோது சீனியர் அண்ணன்களும் அப்படித்தான் சிரித்தார்கள். இது அந்தச் சின்ன வீடு இல்லை! சதுர அடியில் சின்னதான, நிஜமான வீடு.

போன லீவில் அப்பா சொன்னார்: "நீ வேலைக்குப் போனதும் லோன் போட்டு எண்ணூறு சதுர அடியில ஒரு வீடு கட்டிடணும் பாப்பா." சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டேன். பத்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் சுமார் 9,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் இருபத்தொன்றரை லட்சத்துக்கு மேல்! டிப்ளமோ முடித்த நமக்கு முதல் சம்பளம் எவ்வளவு என்று சீனியர்களையே கேட்டுப் பாருங்கள்.

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்று பெரியவர்கள் சொன்னார்களே, அது நடக்குமா என்று பார்ப்பதற்காகத்தான் லைப்ரரிப் பக்கம் போனேன்.

அமெரிக்காவில் இதற்கு 'டைனி ஹவுஸ்' என்று பெயர். அங்கே 2018-ஆம் ஆண்டுக் குடியிருப்புக் கட்டட விதிகளில் இதற்கென்றே ஒரு பிற்சேர்க்கை போட்டார்கள். அதன்படி 400 சதுர அடி வரை டைனி ஹவுஸ். பலர் அதை டிரெய்லர் மேல் கட்டிக்கொள்கிறார்கள். ரோட்டில் இழுத்துப் போக வேண்டும் என்பதால் அகலம் எட்டரை அடிக்கு மேல் போகாது. 1999-ல் ஜே ஷேஃபர் என்பவர் 100 சதுர அடிக்கும் குறைவாக இப்படி ஒன்று கட்டிக் குடியிருந்தார். 2008-ல் வீட்டுக் கடன் நெருக்கடி வந்து பலர் வீட்டை இழந்த பிறகு இந்த ஆசை அங்கே நன்றாகப் பரவியது. கடன் இல்லை, பெருக்க ஐந்து நிமிஷம், கரண்ட் பில் கம்மி. யாருக்குத்தான் பிடிக்காது?

அவர்களுக்கெல்லாம் முன்னோடி ஹென்றி டேவிட் தோரோ. 1845-ல் வால்டன் குளக்கரையில் 10-க்கு 15 அடியில் தன் கையாலேயே வீடு கட்டினார். செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். பலகை, ஆணி, சுண்ணாம்பு என்று பைசா சுத்தமாக எஸ்டிமேட் எழுதி வைத்திருக்கிறார்! நம் எஸ்டிமேட்டிங் பேப்பரில் அவருக்கு நல்ல மார்க் கிடைத்திருக்கும்.

சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கார்பூசியே தெரியும்தானே? அவர் பிரான்சில் கடலோரமாகத் தனக்காகக் கட்டிக்கொண்ட குடிலின் அளவு 3.66-க்கு 3.66 மீட்டர். நம் மேஸ்திரி பாஷையில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அதில் சமையலறையே கிடையாது. ஏன் தெரியுமா? பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை. குடிலிலிருந்து அதற்குள் போக ஒரு கதவு வைத்துக்கொண்டார்! தோரோவும் அப்படித்தான். விருந்தாளிகள் வந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பைன் மரக்காடுதான் தன் வரவேற்பறை என்று எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டை டேப் பிடித்து அளந்தேன். அரசுத் திட்டத்தில் கட்டியது. உள்ளளவு 18-க்கு 15, அதாவது 270 சதுர அடி. அமெரிக்கக் கணக்கில் நாங்களும் டைனி ஹவுஸ்காரர்கள்தான். ஆனால் தோரோ தனி ஆள், அவருக்கு 150 சதுர அடி. எங்கள் வீட்டில் ஐந்து பேர், தலைக்கு 54. அப்படியும் வருஷத்தில் பத்து மாதம் எங்களுக்கு அது சின்ன வீடாகவே தெரியாது. அம்மா அரிசி புடைப்பது திண்ணையில், நான் படிப்பது வேப்பமரத்தடியில், தம்பி தூங்குவது வாசல் கட்டிலில். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால்தான் எல்லாரும் உள்ளே வருகிறோம். அப்போதுதான் தெரியும் 270 என்றால் என்னவென்று.

அதனால் எனக்குப் பட்டது இது. வீட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் வீட்டைச் சின்னதாகக் கட்டக் கூடாது. வெளியே ஒன்றுமே இல்லாத டவுன் சந்தில் அதே 270 அடி வேறு வீடு.

செலவு விஷயத்திலும் ஒரு ஏமாற்று உண்டு. பாதி வீடு கட்டினால் பாதிச் செலவு என்று நினைக்காதீர்கள். 12-க்கு 12 அறைக்குச் சுவர் நீளம் 48 அடி, பரப்பு 144. அதுவே 24-க்கு 24 என்றால் சுவர் 96 அடிதான், பரப்போ 576! சுவர் இரண்டு பங்கு, இடம் நாலு பங்கு. கக்கூஸ், அடுப்பு மேடை, மீட்டர் பெட்டி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே சின்ன வீட்டில் மொத்தச் செலவு குறையும், சதுர அடிக் கணக்கு ஏறும்.

அடுத்து பரண். அமெரிக்கர்கள் மேல்தட்டில் படுக்கிறார்கள். நாம் காப்பியடிக்க முடியாது. நம் அறை உயரம் பொதுவாக 9 அடி. தலை இடிக்காமல் ஏழடியில் தட்டுப் போட்டால் மேலே மிஞ்சுவது இரண்டடிகூட இல்லை. தவிர, பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி அதைக் கக்கும்போது அதற்கு அடியில் படுத்தால் அவ்வளவுதான், அவிந்து போவோம். சாமான் போடத்தான் பரண்.

கேஸ் விஷயத்தைப் பெரிதாகச் சொல்லியே ஆக வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. லீக் ஆனால் தரையோடு தேங்கும். ஒரே அறை வீட்டில் நாமும் தரையில்தானே படுக்கிறோம்! ஜன்னல் திறந்திருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது, தரை மட்டத்தில் ஒரு வென்டிலேட்டர் வேண்டும். எங்கள் வீட்டில் இல்லை. இத்தனை வருஷமாக அதை யாரும் யோசிக்கவும் இல்லை.

இன்னொன்றை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. துணி மாற்ற ஒரு மறைவு. ஒரே அறையில் அப்பாவும் தம்பிகளும் வெளியே போகும் வரை காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தோழிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆக, நான் போட்ட பிளான் இதுதான். வீட்டை இடிக்க வேண்டாம். 18 அடிச் சுவரை ஒட்டி 6 அடி அகலத்தில் ஷீட் இறக்கினால் 108 சதுர அடி கிடைக்கும். ஒரு கோடியில் 6-க்கு 6 அடைத்து, கதவும் ஒரு லைட்டும் போட்டால் துணி மாற்றவும் ராத்திரி படிக்கவும் ஆச்சு. மறு கோடியில் அடுப்பும் சிலிண்டரும். நடுவில் திண்ணை. மழைக்கும் உட்காரலாம்.

டிராயிங் ஷீட்டில் இங்க் பண்ணி அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்க பாப்பா. ஆனா ஊர்ல எல்லாரும் மாடி எடுக்குறாங்களே" என்றார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாண்டி, நாளைக்கு உன் கல்யாணத்துக்கு வர்ற சனம் எங்க படுக்கும்?" என்று கேட்டார். அதற்கு மட்டும் ஷீட்டில் இன்னும் இடம் கண்டுபிடிக்கவில்லை.