உங்களுக்குத் தெரியுமா? வேடர் தலைவரும் நீதிமன்றமும்

திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து தெற்கே, கொட்டியாரக் குடாவைத் தாண்டினால் மூதூர், வெருகல். தமிழ் பேசும் கரையோர வேடர்கள் வாழும் பகுதிகள் இவை. வேடர்களுக்கும் தலைவர் உண்டு. ஆனால் முஸ்லிம்களின் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிபதியின் பதவிக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஆதாரம். வேடர் தலைவர் பதவிக்கோ அப்படியொரு சட்டமே கிடையாது.

அதற்காக நீதிமன்றக் கதவு சாத்தப்படவில்லை. ரம்பகன் ஓயாப் பகுதியில் தங்கள் பரம்பரைக் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுகிறதென்று, தம்பானையின் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோ 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். தோளில் கோடரியோடு படங்களில் நாம் காணும் அதே தலைவர்தான். சுற்றாடல் அமைப்பொன்றும் அவரோடு சேர்ந்து மனுச் செய்தது. தலைமைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் மனுதாரராகலாம்.

பழங்குடியினர் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் ஆதரவாக வாக்களித்த இலங்கை, அதை இன்னும் உள்நாட்டுச் சட்டமாக்காதது பெரும் குறைதான்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: அரச நடவடிக்கையால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி நீங்களே அல்லது சட்டத்தரணி மூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தவணை ஒரே ஒரு மாதம்.