செத்துப்போனதாக நினைக்கும் லேப்டாப்புக்குள் இவ்வளவு உயிர் இருக்கிறது, தெரியுமா?

லேப்டாப்பின் பவர் பட்டன் உண்மையில் ஒரு சுவிட்சே இல்லை, தெரியுமா? சீலிங் ஃபேன் சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் பாய்கிறது, திருப்பித் தட்டினால் நிற்கிறது. லேப்டாப் பட்டனோ வெறும் விண்ணப்பம்தான் போடுகிறது! அதை வாங்கிக்கொள்ள போர்டில் ஒரு குட்டி சிப் உட்கார்ந்திருக்கிறது. எம்பெடட் கன்ட்ரோலர் என்று பெயர். ‘ஷட் டவுன்’ கொடுத்துவிட்டு நீங்கள் தூங்கப் போன பிறகும், சார்ஜர் செருகியிருக்கும் வரை அது விழித்தே இருக்கும். கீபோர்டு, ஃபேன், பேட்டரி சார்ஜ் எல்லாம் அதன் பொறுப்பு. பட்டன் அழுந்தியதைக் கவனித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அது மற்ற பாகங்களுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும்.

அந்தச் சிப்பே குழம்பிப்போய் நின்றுவிட்டால் நூறு தடவை அழுத்தினாலும் லேப்டாப் அசையாது. பார்க்கிறவர்கள் “போர்டு போயிடுச்சு” என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள்! சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியையும் கழற்றுங்கள். இப்போது பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மின்சாரமே இல்லாத இயந்திரத்தில் பட்டனை அழுத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஆனால் போர்டிலுள்ள மின்தேக்கிகளில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். குழம்பிய சிப் அந்த மிச்சத்தில்தான் பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கிறது. அரை நிமிடத்தில் அது வடிந்துவிடும். சிப் பழையதை மறந்து முதலிலிருந்து தொடங்கும். பிறகு பேட்டரியைப் போடாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பைசா செலவில்லாத வைத்தியம்! பேட்டரி உள்ளேயே பூட்டியிருக்கும் மாடல் என்றால் அடிப்பக்கத்தில் ஊசித்துளை மாதிரி ஒரு ரீசெட் ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். சில மாடல்களில் உண்டு.

சார்ஜரிலும் ஒரு ரகசியம் இருக்கிறது. சில கம்பெனிகளின் சார்ஜர் முனைக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று தெரியும். அது மின்சாரம் கொண்டுபோகும் ஊசி அல்ல, பேசும் ஊசி! “நான் இத்தனை வாட் சார்ஜர்” என்று லேப்டாப்பிடம் அறிமுகம் செய்துகொள்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ அதன் வயர் அறுந்தாலோ, லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் சார்ஜ் ஏறாது. பேட்டரிமேல் பழி போட்டுப் புதிது வாங்கினாலும் அதே கதைதான். இன்னொன்று: சார்ஜர் பெட்டியில் விளக்கு எரிந்தால் பெட்டி வரை மின்சாரம் வருகிறது என்று மட்டுமே அர்த்தம். முனைக்குப் பக்கத்தில் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கலாம். அதே வோல்ட், அதே முனை உள்ள வேறு சார்ஜரை ஒரு நிமிடம் கடன் வாங்கிப் பாருங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. என்ன செய்வீர்கள்? டார்ச் எடுங்கள்! ஆமாம், செல்போன் டார்ச்சே போதும். எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, தெரியுமா? பின்னாலிருந்து ஒரு விளக்கு ஒளி கொடுக்க வேண்டும். மிகப் பழைய லேப்டாப்புகளில் அது பென்சிலைவிட மெல்லிய ஒரு ட்யூப்லைட். அதை எரிய வைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் தனி இன்வெர்ட்டர் பலகை வேறு! அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக லாகின் பக்கம் தெரிகிறதா? அப்படியானால் போர்டு, ராம், டிஸ்க் எல்லாமே நலம். போனது வெளிச்சம் மட்டும்! டிவியோடு இணைத்தால் அப்படியே வேலை செய்யலாம்.

காந்தமும் திரையை அணைக்கும். மூடியை மூடியதும் லேப்டாப் தூங்கிப்போகிறதே, அது எப்படி? பெரும்பாலும் மூடியில் ஒரு சின்னக் காந்தம், கீழே அதை உணரும் ஒரு சென்சார். காந்தப் பூட்டுள்ள வாட்ச் பட்டையோடு கையை அந்த இடத்தில் வைத்தால், திறந்திருக்கும் லேப்டாப் மூடிவிட்டதாக நம்பித் தூங்கிவிடும்! அணைந்து போனதற்குக் காரணம் கைக்கடிகாரமாகக்கூட இருக்கலாம்.

திரையே இல்லாமலும் கம்ப்யூட்டர் தன் வியாதியைச் சொல்லும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி, ஆன் ஆனதும் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு குட்டி ‘பீப்’ கொடுத்தது. கோளாறு என்றால் பீப்புகளின் எண்ணிக்கை மாறும். அந்த வழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்பீக்கர் பேசாத மாடல்களில் கேப்ஸ் லாக் விளக்கு கண்சிமிட்டிச் சொல்லும். எத்தனை பீப், எத்தனை சிமிட்டல் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்கும். சில லெனோவோ லேப்டாப்புகள் ஒரு மெட்டே வாசிக்கின்றன. செல்போன் செயலி அதைக் கேட்டுக் கோளாறு எண்ணாக மாற்றித் தருகிறது!

அந்தப் பீப் அடிக்கடி காட்டிக்கொடுக்கும் ஆசாமி ராம். ராமின் உள்ளே நடப்பதை நினைத்தாலே தலை சுற்றும். ஒவ்வொரு பிட்டும் கண்ணுக்கே தெரியாத ஒரு மின்தேக்கியில் சேமித்த துளி மின்சாரம். அது ஓயாமல் கசிந்துகொண்டே இருப்பதால், 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டும். கோடானுகோடி பிட்டுகளை, விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல்! ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற அந்த யோசனைதான் இன்றும் உங்கள் மடியில் ஓடுகிறது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டை முடக்க என்ன வேண்டும்? ராமின் பொன்முலாம் பூசிய பட்டைகளில் ஒரு படலம் பிசுக்கு போதும்.

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறங்கள். முதலில் ஏதாவது வெற்று உலோகத்தைத் தொடுங்கள். ஏனென்றால் நம் உடம்பிலிருந்து பாயும் நிலைமின்சாரம் சுமார் 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்கே உறைக்கும், சிப்புக்கோ சில நூறு வோல்ட்டே ஆபத்து! ராமின் இரு பக்கமும் உள்ள கிளிப்புகளை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாகச் சாய்வாக எழுந்து நிற்கும். விளிம்பைப் பிடித்து உருவுங்கள். பொன்பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். வெட்டுப்பள்ளம் பார்த்து, சாய்த்துச் செருகி, ‘க்ளிக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

மூடியைத் திறந்தபோது பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டச்பேட் மேலெழும்பி நிற்பதும் அதன் அடையாளம். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும்.

உங்கள் லேப்டாப் ஒவ்வொரு முறை கண்விழிக்கும்போதும் 1978-இல் விழிக்கிறது, தெரியுமா? அந்த வருடம் வந்த இன்டெல் 8086 சிப், தன் நினைவக எல்லையின் உச்சியிலிருந்து 16 பைட் கீழேதான் முதல் கட்டளையைத் தேடியது. அதன் வழிவந்த பிராசசர்கள் இன்றும் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழேதான் தேடுகின்றன, அதே 16-பிட் பாணியில்! அங்கிருந்து விண்டோஸ் வரை ஏறி வருவது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டைக் கடக்கும் பயணம்.

கண்விழித்த லேப்டாப்பில் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டதா? போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருக்கும். விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத்தை, லேப்டாப் அணைந்திருக்கும் காலமெல்லாம் ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். அது தீர்ந்தால் இன்டர்நெட்டே மக்கர் பண்ணும்! தேதி தப்பென்றால் வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றி, பிரவுசர் திறக்க மறுக்கும்.

“பூட் டிவைஸ் இல்லை” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறதா? முதலில் செருகியிருக்கும் பென் டிரைவை உருவுங்கள். லேப்டாப் அதற்குள் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம். பழைய முறையில் பூட் ஆகும் டிஸ்க்குகளில் முதல் 512 பைட்டின் கடைசி இரண்டு பைட்டுகள் 55, AA என்று இருந்தாக வேண்டும். அந்த இரண்டு பைட் கெட்டால், மிச்சமுள்ள கோடிக்கணக்கான பைட் நன்றாக இருந்தும் பூட் ஆகாது! டிஸ்க்கே இல்லாமலும் லேப்டாப் ஓடும் என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றிச் செருகினால் போதும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. அவற்றையும் இப்படி ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு போர்டு போனது உறுதியானாலும் காயலான் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் இரண்டரை இன்ச் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் கல்யாண போட்டோ, காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் அப்படியே கிடைக்கலாம். அதற்கு முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டின்மேல், தகவலைப் படிக்கும் ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர்! ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் ஹெட் தடம் தெரியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழலாம். டேட்டா ரெகவரி செய்பவரிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுங்கள், நடுவில் யாரும் இன்னொரு தடவை ஆன் செய்து பார்க்க விடாமல்.